தாய்மாமன் இலை

கலியாண வீட்டில் கூலிக்கு வந்தவர்களுக்குச் சோறு போடும் வேலையை எங்கள் குடும்பத்தில் என்னிடம்தான் விடுவார்கள். சீர்வரிசைக்கோ பெண் அலங்காரத்துக்கோ என்னை யாரும் கேட்பதில்லை. பந்தல் போட்டவர் சாப்பிட்டாரா, வண்டிக்காரர்களுக்கு யார் கொண்டுபோவது, பேண்டுக்காரர்களை எங்கே உட்கார வைப்பது என்ற பேச்சு வந்தால் மட்டும் எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பும். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் நான் கிடங்குக் கிராணி, கணக்கு எழுதுபவன். கூலி ஆட்களுக்கு வாரப்படி அளந்து கொடுத்து, பெயருக்கு நேரே குறி போடுவது என் அன்றாட வேலை. அந்தப் பழக்கத்தை அப்படியே கலியாண வீட்டுக்கும் கொண்டுபோனேன். நீள நோட்டில் கோடு போட்டு, யார், எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எங்கே, என்ன என்று ஐந்து பத்தி பிரித்து எழுதிவிடுவேன். ஐந்து கலியாணம் அப்படி நடத்தியிருக்கிறேன். ஐந்திலும் கூலிக்கு வந்த ஒருவர்கூடப் பசியோடு திரும்பவில்லை.

இது சின்ன வேலை என்று நினைப்பவர்கள் செய்து பார்க்காதவர்கள். விருந்தாளி வருவார், இலையில் உட்காருவார், வெற்றிலை போட்டுக்கொண்டு போவார். கூலிக்கு வந்தவர் முதல் நாளே வந்துவிடுகிறார். எல்லாரும் சாப்பிடும் நேரத்தில்தான் அவருக்கு வேலை. சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே கலியாணத்துக்கு நான்கு ஊர்க்காரர்கள், நான்கு வேதக்காரர்கள் வந்து நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் சோறு ஒவ்வொரு விதமாகப் போக வேண்டும்.

வண்டிக்காரர்கள் பெரும்பாலும் போயான் தீவிலிருந்து வந்த முஸ்லிம்கள். பந்தலுக்கு வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள், வரமாட்டார்கள். குதிரையை விட்டு நகரமாட்டார்கள். முதல் கலியாணத்தில் இது தெரியாமல் நான்கு இலையை ஒரு மணி நேரம் காலியாக வைத்துக் காத்திருந்தேன். முதலில் குதிரைக்குப் புல்லும் தண்ணீரும் போக வேண்டும். அதன் பிறகு பொட்டலமாகக் கட்டிய சோறு வண்டிக்கே போக வேண்டும். குதிரையை மறந்துவிட்டு அவர்களுக்கு மட்டும் கொடுத்தால் பொட்டலத்தை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள்.

பேண்டு வாசிக்கும் மணிலாக்காரர்கள் எங்களைப் போலவே கத்தோலிக்கர்கள். எதையும் சாப்பிடுவார்கள். ஆனால் மேசை, நாற்காலி, கரண்டி வேண்டும். அவர்களுடைய தலைவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து ஒரு தடவை அவரைத் தனி மேசையில் உட்கார வைத்தேன். மேசைகளைச் சேர்த்துப் போடும்வரை அவரும் சாப்பிடவில்லை, மற்றவர்களும் சாப்பிடவில்லை. எல்லாரும் ஒரே மேசை, ஒரே நேரம்; அதுதான் அவர்கள் முறை. படம் பிடிக்க வரும் ஜப்பான்காரர் அதற்கு நேர்மாறு. தன் சோற்றைத் தானே ஒரு கறுப்புப் பெட்டியில் கொண்டுவருவார். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்று குனிந்து சொல்வார். கேட்காமல் விட்டால் அவர் முகம் வாடும். ‘ஜப்பான்காரர்: இரண்டு தடவை கேட்க வேண்டும், தேநீர் மட்டும்’ என்று என் நோட்டில் இருக்கிறது.

சமையலுக்கு எப்போதும் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் பண்டாரியைத்தான் ஏற்பாடு செய்வோம். அவர் கையால் அறுத்து அவர் கையால் வெந்த கறியென்றால் வண்டிக்காரர்களும் சாப்பிடலாம், நாமும் சாப்பிடலாம். ஓர் அடுப்பில் இரண்டு பிரச்சினை தீர்ந்தது.

மாலை கட்டும் பூக்காரர் ஒருவர் சுத்த சைவம். எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். என் நான்காவது கலியாணத்தில் அவருக்கு அரிசி, பருப்பு, காய்கறி, நெய், புதுப் பானை எல்லாம் கூடையில் வைத்து, அவரே சமைத்துக்கொள்ளப் பச்சைப்படியாகக் கொடுத்தேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். “நம்ம ஆட்களுக்கே தோணாது, கிராணி ஐயாவுக்குத் தோணியிருக்கு” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பாராட்டு என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறாவது கலியாணத்தில் நான் செய்த தப்பு அங்கேதான் தொடங்கியது.

ஆறாவது கலியாணம் என் அக்காள் மகளுடையது. சிராங்கூன் சாலையில் டிராம் ஓடத் தொடங்கி இரண்டாம் வருடம். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கத்தை இன்னும் சுண்ணாம்புக் கம்பம் என்றுதான் சொல்வார்கள்; கம்பம் என்றால் மலாயில் ஊர். அக்காள் கணவர் அங்கே சுண்ணாம்புக் காளவாயில் மேஸ்திரியாக இருந்து காலமானவர். ஒரே பெண். மாப்பிள்ளை மலாக்காவில் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல பையன். அவனுடைய பெரியப்பாதான் வாயாடி. நிச்சயத்துக்கு வந்தபோது பந்தியில் உட்கார்ந்துகொண்டே ஆரம்பித்தார்.

“சிங்கப்பூர்ல இப்போ கலியாணத்துக்கு எல்லாம் பேண்டுதானாமே? நம்ம மேளம் கெடைக்கிறதில்லையோ, இல்ல கேக்க வெக்கமோ?”

கதவுக்குப் பின்னாலிருந்து அக்காள் குரல் மட்டும் வந்தது. “மேளம் வரும் சம்பந்தி. மாதா கோயில் வாசல்லேருந்து எங்க வீட்டு வாசல் வரைக்கும் வாசிச்சுக்கிட்டே வரும். நீங்க நடக்கத் தயாரா வாங்க.”

அக்காள் தன் வாழ்க்கையில் யாரிடமும் சவடால் பேசியதில்லை. அன்று பேசினாள். பந்தி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். மேளம் மட்டும் வீடு வரைக்கும் வந்துடணும். அந்த மனுஷன் முன்னாடி நான் தலை குனியக் கூடாது” என்றாள். வந்துவிடும் என்று சொன்னேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மேளத்தை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர் அக்காள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை வைத்திருந்த பால்காரர். இந்துக் கோயிலில் வாசிப்பவர்கள் அவருக்குப் பழக்கம். ஆறு பேர்: நாயனம் இரண்டு, தவில் இரண்டு, ஒத்து ஒன்று, தாளம் ஒன்று. நான் அவர்களை முன்பின் பார்த்ததில்லை. பார்க்காமலே நோட்டில் ‘மேளம், ஆறு பேர்’ என்று எழுதி, அதற்கு நேரே ‘பச்சைப்படி’ என்று போட்டேன். இந்துக் கோயில் மேளக்காரர்கள், நெற்றி நிறைய விபூதி இருக்கும். கறி வேகிற கத்தோலிக்க வீட்டில் கை நனைப்பார்களா? கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்துவதைவிட, நாமே தெரிந்து நடந்துகொள்வது மரியாதை என்று நினைத்தேன்.

முதல் நாள் சாயங்காலமே பால்காரர் கொட்டகையில் ஓரமாகச் சாணம் மெழுகச் சொல்லி, கல் அடுப்பு வைத்து, புதுப் பானை இரண்டு, காய்ந்த விறகு, அரிசி, துவரம் பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய், புளி, மிளகாய், உப்பு, நெய், தேங்காய், இலை எல்லாம் அடுக்கினேன். ஒவ்வொன்றும் எவ்வளவு என்று அழகாக எழுதிய சீட்டைப் பானைக்கு மேல் வைத்து, பறக்காமலிருக்கத் தேங்காயை எடுத்து அதன்மேல் வைத்தேன். திரும்பி வரும்போது எனக்கே மனசு நிறைவாக இருந்தது.

கலியாணப் பூசை காலை ஏழு மணிக்கு. நன்மை, அதாவது நற்கருணை, வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதால் எங்கள் கலியாணங்கள் விடியற்காலையில்தான் நடக்கும். எட்டு மணிக்குப் பூசை முடியும். எட்டிலிருந்து ஒன்பது வரை சாலையில் மேளத்தோடு போகப் போலீசில் அனுமதி வாங்கியிருந்தோம். வீட்டுக்கு வந்ததும் அப்பமும் தேங்காய்ப்பாலும், மதியம் பிரியாணி. நான் ஐந்தரை மணி முதல் பூசைக்கே போய் நன்மை வாங்கிவிட்டேன். ஏழு மணிப் பூசையில் எல்லாரும் கோயிலுக்குள் இருக்கும்போது வெளி வேலையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

ஆறரைக்கு வீடு திரும்பினேன். குதிரைகள் புல் தின்றுகொண்டிருந்தன. வண்டிக்காரர்கள் கையில் பொட்டலம். மணிலாக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்து, கரண்டிகளை வரிசையாக வைத்துவிட்டுக் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். ஜப்பான்காரரை இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் குனிந்தார். நோட்டில் குறி போட்டுக்கொண்டே கொட்டகைக்குப் போனேன். மணி ஏழாகப் பத்து நிமிடம் இருந்தது.

அடுப்பு எரியவில்லை. நான் அடுக்கிவைத்தது அடுக்கிவைத்தபடியே இருந்தது. ஆறு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நாயனம் இரண்டும் உறையை விட்டு வெளியே வரவில்லை. தேங்காயை மட்டும் யாரோ நகர்த்தியிருந்தார்கள். என் சீட்டு பெரிய நாயனக்காரர் கையில் இருந்தது. ஐம்பது வயதுக்காரர், கனத்த உடம்பு, காதில் கடுக்கன்.

“அடுப்பு பத்தலையா? விறகு ஈரமா?” என்று கேட்டேன்.

“விறகு நல்லாத்தான் இருக்கு. எல்லாமே நல்லாத்தான் இருக்கு.” சீட்டை உயர்த்திக் காட்டினார். “இது யார் எழுதினது?”

“நான்தான். பொண்ணோட தாய்மாமன். துறைமுகத்துல கிராணி.”

“கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு கிராணி ஐயா. நாங்க அஞ்சு மணிக்கு வந்தோம். அந்த மாடு ஒண்ணு திரும்பிப் பாத்துச்சு. வேற யாரும் பாக்கல.”

தவில்காரர்களில் இளையவர் சிரித்தார். நாயனக்காரப் பெரியவர் சிரிக்கவில்லை.

“நீங்க எங்க வீட்டுல சாப்பிடமாட்டீங்கன்னு நெனைச்சேன். மரியாதைக்குத்தான் இப்படி...”

“சாப்பிடமாட்டோம்னு யார் சொன்னது? பால்காரர் சொன்னாரா?”

“இல்ல.”

“நாங்க சொல்லி அனுப்பினோமா?”

“இல்ல.”

“நீங்க கேட்டீங்களா?”

ஜப்பான்காரரை இரண்டு தடவை கேட்க வேண்டும் என்று எழுதிய நோட்டு என் கக்கத்தில் இருந்தது. “இல்ல” என்றேன்.

“நான் நாகப்பட்டினத்தான் ஐயா. மீன் வாசனை இல்லாத வீட்டுல எனக்குத் தூக்கம் வராது. இந்த ஆறு பேர்ல சைவம் ரெண்டே பேர், ஒத்துக்காரனும் தாளக்காரனும். அவங்களும் கறி பட்ட சட்டியைத்தான் தொடமாட்டாங்க. உங்க வீட்டைத் தொடமாட்டோம்னு சொல்லல. வாசிக்க வந்தவனைக் கூப்பிட்டு உட்கார வெச்சா சாப்பிடுவான். கொட்டகையில படி அளந்து வெச்சா என்ன நெனைப்பான்? இவங்க நம்மளை வாசல்லேயே நிறுத்திட்டாங்கன்னு நெனைப்பான்.”

இளைய தவில்காரர் வலது கையை என் முன்னால் நீட்டினார். ஐந்து விரலிலும் துணி சுற்றிப் பசை தடவிக் காயவைத்த கூடு கல் மாதிரி இருந்தது. “கூடு கட்டியாச்சு. தண்ணி பட்டா ஊறிடும். இந்தக் கையோட அரிசி களையச் சொல்றீங்களா?”

அதைப் பற்றி என் ஐந்து பத்திகளில் ஓர் எழுத்து இல்லை.

“அப்போ...” என்று தொடங்கினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“வெத்தலை பாக்கு வாங்கிட்டோம், வாசிக்காமப் போகமாட்டோம்” என்றார் பெரியவர். “கோயில் வாசல்ல பொண்ணு மாப்பிள்ளை வெளிய வரும்போது நின்னு வாசிச்சுடறோம். அதோட சரி. நேத்து ராத்திரி எங்க கோயில்ல வாசிச்சுட்டு நேரா இங்க வந்தவங்க நாங்க. அரை மைல் நடந்துக்கிட்டே ஊத வயித்துல ஒண்ணும் இல்ல.”

கோயில் வாசலோடு சரி என்றால், அங்கிருந்து வீடு வரைக்கும் மலாக்காப் பெரியப்பா பேண்டுக்குப் பின்னால் நடந்து வருவார். வழியெல்லாம் அவர் என்ன பேசுவார் என்பது எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அக்காள் அதைக் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும்.

“இப்போ கேக்கறேன்” என்றேன். “எங்க வீட்டுல சாப்பிடுவீங்களா?”

“எங்க? இங்கயா?”

“பந்தல்ல.”

“எப்போ? மாப்பிள்ளை வீட்டுப் பந்தி முடிஞ்சா? அதுக்குள்ள ஒம்போது அடிச்சுடும்.”

“இப்போ. வாங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, பந்தலில் முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டுக்கு என்று என் நோட்டிலேயே இருந்தது. அது எங்கள் பக்கத்தில் அசைக்க முடியாத முறை. சம்பந்தி வீட்டார் உட்காருவதற்கு முன்னால் அந்தப் பந்தலில் வேறு யாராவது சாப்பிட்டார்கள் என்றால், அதற்காகவே எழுந்து போனவர்கள் உண்டு. அக்காளைக் கேட்கலாம் என்றால் அவள் கோயிலுக்குள் முழங்காலில் இருந்தாள். நானே முடிவு செய்ய வேண்டும். ஆறு பேரையும் முன்னால் அழைத்துக்கொண்டு நடந்தேன். நடக்கும்போதே வழி தெரிந்துவிட்டது.

பண்டாரி அப்பச்சட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வெந்த அப்பம் பெரிய ஓலைப் பெட்டியில் மூடி இருந்தது.

“இவங்களுக்கு இலை போடணும்” என்றேன்.

“யாருக்கு, மேளத்துக்கா?” பண்டாரி எழுந்துவிட்டார். “வெளையாடறீங்களா கிராணியாரே? மாப்பிள்ளை வீட்டு இலை விழாம நான் மூடியைத் தொறக்கமாட்டேன் லா. என் வாப்பா காலத்துலேருந்து அந்தக் கெட்ட பேரு எங்களுக்கு வந்ததில்ல.”

“தாய்மாமன் இலைக்கும் தொறக்கமாட்டீங்களா?”

அவர் கையிலிருந்த சட்டுவம் அப்படியே நின்றது. அடுப்பிலிருந்து இறங்குவதில் முதல் இலை பெண்ணின் தாய்மாமனுக்கு. அதற்குப் பிறகுதான் சம்பந்திப் பந்தி. இதுவும் எங்கள் பக்கத்து முறைதான். மாமன்மார் பெயருக்கு ஒரு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவார்கள்; பலர் அதையும் விட்டுவிடுவார்கள். எனக்கென்று ஒரு வரி எழுதிக்கொள்ளக் கூச்சப்பட்டு நான் அதைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

“தாய்மாமன் இலைன்னா அது வேற” என்றார் பண்டாரி மெதுவாக.

“அப்போ ஏழு இலை போடுங்க. ஒண்ணு எனக்கு.”

“மத்த ஆறு?”

“என்கூட உட்கார்றவங்களுக்கு. மாமன் தனியா உட்காரணும்னு எங்கேயாவது இருக்கா?”

பண்டாரி சட்டுவத்தின் காம்பால் தாடியைச் சொறிந்துகொண்டார். “கிராணி மூளை” என்றார். பிறகு ஒத்துக்காரரையும் தாளக்காரரையும் பார்த்து, “அப்பச்சட்டி புதுசுப்பா. கறி பட்டதில்ல. பயப்படாம உட்காருங்க” என்று சொல்லிவிட்டு மூடியைத் திறந்தார்.

ஒரே வரிசையில் ஏழு இலை. முதல் இலையில் நான், அடுத்து பெரிய நாயனக்காரர். நான் சிலுவை போட்டுச் செபம் சொல்லி முடிக்கும்வரை அவர்கள் இலையைத் தொடவில்லை. பண்டாரி குவித்துப் போட வந்தபோது பெரியவர் கையை மறித்தார். “மூணு அப்பம். எண்ணிப் போடுங்க. வயிறு முட்டினாலும் ஊத முடியாது, காஞ்சாலும் ஊத முடியாது.” அளவு தெரிந்த மனிதர் என்று அந்த இடத்தில் அவர்மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்தது.

தவில்காரர்கள் இருவருக்கும் விரலில் கூடு. தேங்காய்ப்பாலில் கை வைக்க முடியாது. நான் எழுந்துபோய் மணிலாக்காரர்கள் வரிசையாக வைத்துவிட்டுப் போன கரண்டிகளில் இரண்டைக் கழுவிக் கொண்டுவந்தேன்.

“டேய், துரை மாதிரி இருக்கடா” என்றார் ஒத்துக்காரர்.

“நீ பேசாம தின்னு. துரை பேசமாட்டான்” என்றார் இளைய தவில்காரர், அப்பத்தைக் கரண்டியால் குத்திக்கொண்டே. அப்பம் நழுவிக் கோரைப்பாயில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள், பெரியவரும்.

ஏழு நாற்பதுக்கு எழுந்தோம். குதிரைகள் இரண்டும் தின்று முடித்திருந்தன. போயான் வண்டிக்காரர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் மேளத்தை ஏற்றிக்கொண்டார்கள். இரண்டாவது வண்டியின் படியில் நான் நின்றுகொண்டு போனேன். என் வயதில் அது செய்யக் கூடாத காரியம். ரோச்சோர் கால்வாய்ப் பாலத்தில் சுண்ணாம்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதை ஒதுக்கிக் கோயிலை நெருங்கும்போது பூசை முடிந்து மணி அடித்துவிட்டது.

மணிலாக்காரர்கள் வாசலில் ஒரு பக்கம் வரிசையாக நின்றிருந்தார்கள். மறுபக்கம் காலி. மலாக்காப் பெரியப்பா முதல் ஆளாக வெளியே வந்து, அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மேளக்காரர்கள் வண்டியிலிருந்து இறங்கும்போதே தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். நாயனம் இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. அவர் என்ன சொல்ல வந்தார் என்பது இதுவரை எனக்குத் தெரியாது.

அக்காள் கோயிலுக்குள், பெண்ணுக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் அவள் தலை நிமிர்ந்ததை வாசலிலிருந்தே பார்த்தேன். என்னைத் தேடவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராக நடந்தாள்.

எட்டு ஐந்துக்குப் புறப்பட்டு எட்டு நாற்பதுக்கு வீடு வந்து சேர்ந்தோம். மேளம் ஓரிடத்திலும் நிற்கவில்லை. சிராங்கூன் சாலையில் எதிரே வந்த டிராமின் ஓட்டி, வழி விடச் சொல்லி மணியை விடாமல் அடித்தார். தவில்காரர்கள் அந்த மணியின் காலத்தையே பிடித்துக்கொண்டு நாலு சுற்று வாசித்து, ஒரு தீர்மானம் வைத்து அந்தச் சுற்றை முடித்தார்கள். ஓட்டி மணியை விட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். டிராமில் இருந்தவர்களும் எழுந்து பார்த்தார்கள். அஞ்சடி நடைபாதையில் கடை வைத்திருந்த சீனர்கள்கூட வெளியே வந்து நின்றார்கள். மணிலாக்காரர்கள் வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் சும்மாவே நடந்து வந்தார்கள். அவர்கள் தலைவர் காலால் தாளம் போடுவதை நான் கவனித்தேன்.

முதல் பந்திக்கு மாப்பிள்ளை வீட்டாரை அழைத்தோம். பெரியப்பா உட்காருவதற்குமுன் குனிந்து பாயைப் பார்த்தார். இளைய தவில்காரரின் அப்பம் விழுந்த இடம் இன்னும் காயவில்லை.

“முதல் பந்தி எங்களுக்குன்னு சொன்னாங்க. இங்க யாரோ முந்திக்கிட்ட மாதிரி இருக்கே?”

“நான்தான். தாய்மாமன் இலை” என்றேன்.

அவர் பந்தலுக்கு வெளியே எச்சில் இலைக் கூடையைப் பார்த்தார், கண் கூர்மையானவர். “கூடையில ஏழு இலை கெடக்கு. சிங்கப்பூர் மாமன்கள் ஏழு இலை சாப்பிடுவாங்களோ?”

“என்னோட ஆறு பேர் உட்கார்ந்தாங்க.”

“யாரு அது, எங்களுக்கு முந்தி?”

“உங்களுக்கு முன்னாடி ஊதிக்கிட்டு வந்தவங்க.”

பெரியப்பா நின்றுகொண்டே இருந்தார். அவர் உட்காரவில்லை என்றால் அந்த வரிசையில் யாரும் உட்காரமாட்டார்கள். அப்போது அக்காள் உள்ளேயிருந்து வந்தாள். இந்தத் தடவை கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை.

“என் தம்பி யாரைப் பக்கத்துல உட்கார வெச்சாலும் அது தாய்மாமன் பந்திதான் சம்பந்தி. அவங்க சாப்பிட்டதாலதான் நீங்க மேளத்தோட நடந்து வந்தீங்க. உட்காருங்க, அப்பம் ஆறுது.”

பெரியப்பா அவளைப் பார்த்தார். பிறகு என்னை. “நடந்ததுல கால் வலிதான்” என்றார். “ஆனா அந்த டிராம்காரன் மொகத்தைப் பாத்தீங்களா?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். ஒன்பது அப்பம் சாப்பிட்டார். நான் எண்ணினேன்.

மதியம் பிரியாணிப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. பெரிய நாயனக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கொட்டகைப் பக்கமிருந்து வந்தார். விருந்தாளிகளுக்கு நடுவே நேராக என்னிடம் வந்து நின்றார்.

“தவில்காரங்க ரெண்டு பேரும் சின்ன நாயனமும் உங்க பிரியாணிக்கு உட்கார்ந்தாச்சு. சைவக்காரங்க ரெண்டு பேரும் உங்க படியைப் பொங்கிட்டாங்க. பூசணிக்காய் சாம்பார். கிராணி ஐயா, சாப்பிட வாங்க.”

என் இலையில் பிரியாணி பாதி இருந்தது. மூடி வைக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனேன். கொட்டகையில் எனக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். மாடு திரும்பிப் பார்த்தது. ஒத்துக்காரர் பரிமாறினார். சாம்பாரில் உப்பு குறைவாக இருந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன். தேங்காய்க்குப் பக்கத்தில் என் சீட்டு கிடந்தது. அதில் உப்புக்கு நேரே நான் எழுதியிருந்த அளவைப் பார்த்தேன்; அதுவே குறைவு. பேசாமல் சாப்பிட்டேன்.